கடன் வாங்கும் முன் ஆறு வாளி வையுங்கள்



32 வருஷம் பேங்க்கில் வேலை, அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். ஓய்வு பெற்ற பிறகு ஒட்டன்சத்திரம் பக்கம் அப்பா விட்டுச் சென்ற மூன்றரை ஏக்கரில் முருங்கையும் ஊடுபயிரும் போட்டு, ஒன்பது வருஷமாக ரசாயன உரம் வாங்காமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் போன கார்த்திகையில் உரக்கடையில் போய் நின்று, "கால்சியம் நைட்ரேட் 1 கிலோ கொடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க சார், நீங்களுமா?" என்றார்.

மாதக் கூட்டத்திலும் இது பேச்சாகிவிட்டது. "வெள்ளை உப்பைக் கையில தூக்கிட்டுப் போறாராம்" என்று ஒரு நண்பர் நேரிலேயே கேட்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

ராத்திரி வந்த போன்

என் தங்கை ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். "அண்ணா, பையன் காட்டுப் பத்திரத்தைக் கேக்கறான். கொடுக்கட்டுமா வேண்டாமா, நீயே சொல்லு."

மாப்பிள்ளை இன்ஜினியரிங் படித்தவன். திருப்பூரில் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். ஒரு கம்பெனிக்காரர்கள் அவனைக் கூட்டிப்போய் ஒரு ஷெட்டைக் காட்டியிருக்கிறார்கள். மண்ணே இல்லை, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, பச்சைப் பசேலென்று கீரை. 10 சென்ட் ஷெட்டுக்கு 18 லட்சம். கையில் 6 லட்சம் இருக்கிறது, 12 லட்சம் கடன், அதற்கு அம்மா பேரில் இருக்கும் பத்திரம் ஈடு. விளைந்ததை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தமும் தருகிறார்களாம்.

மறுநாள் வந்தான். "மாமா, தண்ணி பத்துல ஒரு பங்கு போதும்ங்க. நம்ம போர்ல வர்ற தண்ணிக்கு இதுதான் வழி" என்றான். தண்ணீர் விஷயத்தில் அவன் சொல்வதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. எங்கள் பக்கம் சித்திரையில் போர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயசும் அவனுக்கு இல்லை. "மாப்ள, பேங்க்ல நாங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை நம்பறதுக்கு முன்னாடி எடத்தைப் போய்ப் பார்ப்போம். நீ நம்ம மாடியில ஆறு வாளி வை. 80 நாள் நானும் நீயும் சேர்ந்து நோட்டு எழுதுவோம். அப்புறம் பத்திரத்தைப் பேசலாம்" என்றேன். சரி என்றான்.

இது புது வித்தை இல்லை

செடிக்கு வேண்டிய சத்துகள் 17. அதில் கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலும் தண்ணீரிலும் இருந்து வருகின்றன. மீதி 14-ம் வேர் வழியாகத்தான் போக வேண்டும். அவை தண்ணீரில் கரைந்த நிலையில் இருந்தால் மண் இல்லாமலும் செடி வளரும் என்று 1860 வாக்கிலேயே ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற அறிஞர்கள் செய்து காட்டிவிட்டார்கள். 1930-களில் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக்கி இதை வயல் அளவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937-ல் அவர் வழியாகத்தான் பரவியது. நம் நாட்டிலும் 1940-களிலேயே வங்காளத்தில் காலிம்பொங் பக்கம் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் எளிய முறையில் இதைச் செய்து பார்த்தார்.

அதே கலிபோர்னியாவில் ஹோக்லண்ட், ஆர்னன் என்ற இருவர் 1938-ல் வெளியிட்ட சிற்றேட்டில்தான் இன்று உலகம் முழுக்கப் பயன்படும் சத்துக் கரைசலின் அளவு இருக்கிறது. ஆனால் அவர்கள் அதிலேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: அதே வெயில், அதே பராமரிப்பு கொடுத்தால், நல்ல மண்ணைவிடத் தண்ணீர் முறை பெரிதாக அதிக மகசூல் தந்துவிடாது. கம்பெனிக்காரர்கள் இந்த ஒரு வரியை மட்டும் யாருக்கும் சொல்வதில்லை.

வாளி தயாரிப்பு

பெயின்ட் வாளி வேண்டாம். பேக்கரிக்கு டால்டா, கிரீம் வரும் 20 லிட்டர் மூடி போட்ட வாளி பழசாகக் கிடைக்கும். எங்களுக்கு ஒன்று 70 ரூபாய்க்குக் கிடைத்தது. சோப்புப் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுங்கள்.

முதல் விதி: உள்ளே வெளிச்சம் போகக் கூடாது. போனால் பாசி பிடிக்கும். வாளிக்கு வெளியே முதலில் கறுப்பு பெயின்ட், அதன் மேல் வெள்ளை. கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் தடுக்கும்.

மூடியில் பிளம்பர் வைத்திருக்கும் 2 இன்ச் துளை போடும் பிட்டால் நான்கு துளை. கீரைக்கு நான்கு, தக்காளி என்றால் ஒரு வாளிக்கு ஒரு செடிதான். துளையில் நெட் பாட் எனப்படும் சின்ன வலைக் கிண்ணம் உட்காரும். அது கிடைக்காவிட்டால் டீ கப்பில் சூட்டுக் கம்பியால் துளை போட்டால் போதும். பாலக் விதையை ஒரு ராத்திரி ஊறவைத்து, நன்றாக அலசிய தென்னை நார்க்கழிவில் முளைக்க வைத்தோம். நான்கு இலை வந்ததும் வேரோடு எடுத்து கிண்ணத்தில் வைத்து, சுற்றிலும் கழுவிய பொடி ஜல்லி.

முதல் இரண்டு வாளி காற்று பம்ப் இல்லாதவை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி சொன்ன முறை இது. கிண்ணத்தின் அடி அரை இன்ச் நனையும் அளவுக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும். செடி குடிக்கக் குடிக்கத் தண்ணீர் இறங்கும். மேலே காலியாகும் இடத்தில் காற்று குடிக்கும் வேர்கள் வரும். திரும்ப ஊற்றும்போது பாதி வாளிக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றினால் அந்த வேர்கள் மூழ்கி மூச்சுத் திணறிச் சாகும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தப்பு இது.

மூன்றாவது, நான்காவது வாளிக்கு மீன் தொட்டிக்குப் போடும் 5 வாட் காற்று பம்ப், டியூப், காற்றுக்கல். ஐந்தாவது வாளி என் ஆசைக்கு: உப்பு இல்லாமல் பஞ்சகவ்யம் மட்டும், அதற்கும் காற்றுக்கல் உண்டு. ஆறாவது வாளியில் அடியில் துளை போட்டு, தோட்டத்து மண், மண்புழு உரம், நார்க்கழிவு நிரப்பி, அதே பாலக் நான்கு செடி. பத்து நாளைக்கு ஒருமுறை ஜீவாமிர்தம். ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒன்று இல்லாவிட்டால் சோதனைக்கே அர்த்தம் இல்லை.

இன்னொன்று: மூடியில் எங்கே இடுக்கு இருந்தாலும் நைலான் வலை வைத்து அடையுங்கள். திறந்த வாளித் தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில்.

சத்து கலக்கும் முறை

இரண்டு பாட்டில் கரைசல் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இரண்டும் 1 லிட்டர் அளவு.

'அ' பாட்டில்:
கால்சியம் நைட்ரேட் – 60 கிராம்
இரும்புச் சத்து (12 சதவீத ஈ.டி.டி.ஏ.) – 1.7 கிராம்

'ஆ' பாட்டில்:
பொட்டாசியம் நைட்ரேட் (13:0:45) – 30 கிராம்
மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0:52:34) – 16 கிராம்
மெக்னீசியம் சல்பேட் – 40 கிராம்
நுண்ணூட்டக் கலவை – பாக்கெட்டில் 100 லிட்டருக்கு எழுதியிருக்கும் அளவு (அதிலேயே இரும்பு இருந்தால் அந்த அளவுக்கு 'அ'-வில் குறைத்துக்கொள்ளுங்கள்)

1 லிட்டர் தண்ணீருக்கு 'அ' 10 மில்லி, 'ஆ' 10 மில்லி. எங்கள் வாளியில் 15 லிட்டர் பிடிக்கும். ஆகவே 150 மில்லி, 150 மில்லி. முதல் ஒரு வாரம் நாற்றுக்குப் பாதி அளவு போதும். இந்தக் கலவை கீரைக்குப் பொருந்தும். லிட்டருக்குத் தழைச்சத்து சுமார் 130 மில்லிகிராம், மணிச்சத்து (பாஸ்பரஸ் கணக்கில்) 36, சாம்பல் சத்து (பொட்டாசியம் கணக்கில்) 157, கால்சியம் 113, மெக்னீசியம் 38 வரும். காய்க்கும் பயிருக்கு இதைவிடக் கூடுதல் வேண்டும்.

ஏன் இரண்டு பாட்டில்? கெட்டியான நிலையில் கால்சியம் சல்பேட்டைச் சந்தித்தால் ஜிப்சமாகவும், பாஸ்பேட்டைச் சந்தித்தால் கால்சியம் பாஸ்பேட்டாகவும் வெள்ளையாக அடியில் தங்கிவிடும். மாப்பிள்ளை முதல் நாள் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கொட்டிக் குலுக்கினான். மோர் மாதிரி ஆகிவிட்டது. அதைச் செடி குடிக்க முடியாது. வாளி நிறையத் தண்ணீர் இருக்கும்போது 'அ'-வை ஊற்றிக் கலக்கி, பிறகு 'ஆ'-வை ஊற்றினால் நீர்த்துப்போவதால் பிரச்சினை இல்லை.

19:19:19 போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதில் தழைச்சத்தில் பெரும்பகுதி யூரியா வடிவில் இருக்கும். மண்ணில் நுண்ணுயிர் அதை மாற்றிக் கொடுக்கும். வெறும் தண்ணீரில் மாற்றிக் கொடுக்க ஆள் இல்லை. கால்சியமும் அதில் கிடையாது.

நைட்ரேட் உப்புகள் தீயைத் தூண்டக்கூடியவை. அடுப்பு, விறகு, மண்ணெண்ணெய் பக்கம் வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. சமையலறை ஸ்பூனும் தராசும் இதற்கு வேண்டாம், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் முதல் சோதனை

எங்கள் போர் தண்ணீரில் மீட்டரை வைத்தால் 1,100 பி.பி.எம். காட்டியது. உப்பு ஏற்கெனவே அவ்வளவு இருக்கும் தண்ணீரில் சத்து கலக்க இடமே இல்லை. நல்லவேளை, ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தோம். அதில் கலந்தபோது மின்கடத்தும் அளவு (ஈ.சி.) 1.5-க்கும் 1.6-க்கும் நடுவில் நின்றது. கீரைக்கு அது சரி. தினமும் காலையில் பாருங்கள். தண்ணீர் குறைந்து ஈ.சி. ஏறினால் செடி தண்ணீரை அதிகம் குடித்திருக்கிறது, வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். ஈ.சி. இறங்கினால் சத்தைத் தின்றிருக்கிறது, கரைசல் சேருங்கள்.

பி.ஹெச். 5.5-லிருந்து 6.5-க்குள் இருக்க வேண்டும். செடி நைட்ரேட்டை எடுக்க எடுக்க அது மேலே ஏறும். ஏறினால் இரும்பு கிட்டாமல் இளம் இலை மஞ்சளாகும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் இறங்கும், ஆனால் இரண்டு நாளில் திரும்ப ஏறிவிடும். பாஸ்பாரிக் அமிலம் நிலையாக நிறுத்தும். அதைத் தொடுவதென்றால் கையுறை, கண்ணாடி போட்டு, தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

ஐந்தாவது வாளி

15 லிட்டருக்கு 450 மில்லி பஞ்சகவ்யம் வடிகட்டி ஊற்றினேன். இலையில் தெளிக்கும் அதே 3 சதவீதம். நான்காம் நாள் நுரை கட்டியது. ஆறாம் நாள் என் வீட்டுக்காரி, "மாடியில என்னங்க செத்துக் கெடக்கு?" என்று கேட்டாள். பத்தாம் நாள் வேரைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பாகக் கொழகொழவென்று கையோடு வந்தது.

பஞ்சகவ்யத்தின் மேல் தப்பில்லை. நான் வைத்த இடம் தப்பு. அதில் உள்ள சத்து பெரும்பாலும் புரதமாக, சர்க்கரையாக இருக்கிறது. நுண்ணுயிர் தின்று உடைத்த பிறகுதான் வேருக்குக் கிடைக்கும். மண்ணில் அந்த உயிர்களுக்குக் குடியிருக்க இடம் உண்டு, காற்று உண்டு. மூடிய வாளித் தண்ணீரில் அவை பெருகி, இருக்கும் ஆக்சிஜன் எல்லாவற்றையும் தின்று தீர்க்கின்றன. அந்தச் சின்னக் காற்றுக்கல்லால் ஈடுகட்ட முடியவில்லை. வேர் மூச்சுத் திணறி அழுகிவிட்டது.

ஒன்பது வருஷமாக ஜீவாமிர்தம் ஊற்றுகிறேன். மண் எனக்காக எவ்வளவு வேலை செய்கிறது என்பது அந்த நாற்றத்தில் நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது.

மாசியில் ஒரு மதியம்

மற்ற வாளிகள் ஜோராக வந்தன. உப்புக் கரைசலில் முதல் அறுப்பு நட்ட 31-ம் நாள். மண் வாளியில் 40-ம் நாள். மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு.

மாசியில் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் நிறுத்தினார்கள். நாங்கள் இருவரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது நான்காம் வாளித் தண்ணீர் 31 டிகிரி, செடி துவண்டு கிடந்தது. மூன்று நாளில் வேர் பழுத்தது. தண்ணீர் சூடானால் அதில் தங்கும் ஆக்சிஜன் குறையும், அதே சமயம் வேருக்குத் தேவை கூடும். அழுகல் பூஞ்சைக்கு அதுதான் தருணம். மூன்றாம் வாளி தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்ததால் பிழைத்தது. பம்ப் இல்லாத முதல் இரண்டும் அசையவில்லை; அவற்றுக்குக் காற்று வேர் இருந்தது. ஆறாம் வாளிக்கு கரண்ட் போனதே தெரியாது.

மாப்பிள்ளை அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். "மாமா, ஷெட்ல இப்படி ஆனா மொத்தமும் போயிருமில்லைங்க" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கணக்கு

80 நாள் மகசூல்: முதல் வாளி 910 கிராம், இரண்டாவது 870, மூன்றாவது 1,180, நான்காவது 640. மொத்தம் 3.6 கிலோ. மண் வாளி 820 கிராம்.

செலவு: ஆறு வாளி 420, நெட் பாட் 150, நார்க்கழிவு 40, பம்ப், டியூப் 550, இரண்டு மீட்டர் 1,100, சின்னத் தராசு 450, உப்புகள் 930. மொத்தம் 3,640 ரூபாய். விளைந்த 3.6 கிலோ கீரையை கிலோ 70 என்று போட்டால் 252 ரூபாய். மீட்டரும் உப்பும் இன்னும் பல நாள் வரும் என்பதும் உண்மைதான்.

தண்ணீரில் மாப்பிள்ளை ஜெயித்தான். நான்கு வாளிக்கும் 120 லிட்டர், அதாவது கிலோவுக்கு 33 லிட்டர். மண் வாளிக்கு 80 லிட்டர். கிலோவுக்கு 98 லிட்டர். மூன்றில் ஒரு பங்குதான் செலவு. பத்தில் ஒரு பங்கு என்று கம்பெனி சொன்ன அளவுக்கு இல்லை என்றாலும், இது பெரிய மிச்சம்தான், மறைக்கக் கூடாது.

சத்துச் செலவைப் பார்த்தபோதுதான் இருவருக்கும் கண் திறந்தது. நாங்கள் கலந்ததில் 100 லிட்டருக்கு 25 ரூபாய், லிட்டருக்கு 25 பைசா. கம்பெனி விலைப்பட்டியலில் அதே 'அ', 'ஆ' பாட்டில் கணக்குப்படி லிட்டருக்கு 2 ரூபாய். அவர்கள் சத்தை மட்டுமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தும் இருந்தது. விளைந்ததை எடுத்துக்கொள்வோம் என்ற ஷரத்தில் "தரம் திருப்தியாக இருந்தால்" என்று ஒரு வார்த்தை. யாருக்குத் திருப்தி என்று எழுதவில்லை. அப்படி எழுதாமல் விட்ட இடத்தில்தான் விவசாயி மாட்டுகிறான் என்பதை 32 வருஷத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

12 லட்சம், 11 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதத் தவணை 26,000 சொச்சம். நாளுக்கு 870 ரூபாய். கீரை விலையில் தினமும் 12 கிலோவுக்கு மேல் விற்றால்தான் தவணை மட்டும் தீரும். கரண்ட், ஜெனரேட்டர், ஆள், நல்ல தண்ணீருக்கு ஆர்.ஓ., அப்புறம் அவன் சாப்பாடு எல்லாம் அதற்கு மேல்.

இது இயற்கை விவசாயமா?

இல்லை. இதில் மழுப்ப ஒன்றும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 சட்டம் உயிருள்ள மண்ணில் வேர் ஊன்றாத பயிரை இயற்கை விளைபொருள் என்று விற்கவே அனுமதிப்பதில்லை. அமெரிக்காவில் சில வகைகளுக்குச் சான்று கொடுக்கிறார்கள், அங்கே விவசாயிகளிடையே பெரிய சண்டையே நடக்கிறது. "மருந்து அடிக்காத கீரை" என்று சொல்லலாம். "இயற்கைக் கீரை" என்று சொல்லி விற்றால் அது நம்மை நம்பி வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

அதற்காக இந்த முறையே பாவம் என்றும் நான் சொல்ல மாட்டேன். 1930-களின் கடைசியில் பசிபிக் கடலில் வேக் தீவில் விமானப் பயணிகளுக்காக இப்படித்தான் காய் வளர்த்தார்கள். அங்கே விவசாயத்துக்கு மண் கிடையாது. மண் இல்லாத இடத்தில் மண் இல்லாத விவசாயம் நியாயம். எட்டாவது மாடியில் இருப்பவர் இரண்டு வாளி வைத்து வெந்தயக்கீரை பறித்தால் சந்தோஷம். ஆனால் காலடியில் இரண்டு ஏக்கர் மண்ணை வைத்துக்கொண்டு, அதை ஈடு வைத்து மண் இல்லாத விவசாயம் செய்வது எந்தக் கணக்கில் சேரும்?

தண்ணீர் மிச்சமும் வேண்டும், மண்ணும் வேண்டும் என்பவர்களுக்கு அதே 20 லிட்டர் வாளியில் ஒரு வழி இருக்கிறது. அடியில் 5 இன்ச் உயரத்துக்கு ஜல்லி. நட்ட நடுவில் துளையிட்ட டம்ளர் ஒன்றை மண் நிரப்பி வாளி அடி வரைக்கும் இறக்குங்கள், அதுதான் திரி. ஓரமாக ஒரு பைப் துண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். 5 இன்ச் உயரத்தில் வாளிப் பக்கத்தில் ஒரு வடிகால் துளை. ஜல்லி மேல் பழைய பருத்தித் துணி, அதற்கு மேல் மண், மண்புழு உரம், நார்க்கழிவு சம அளவு, மேலே மூடாக்கு. பைப் வழியாகத் தண்ணீர் ஊற்றினால் அடியில் தேங்கி, திரி வழியாக மேலே ஏறும். ஜீவாமிர்தத்தை மேல் மண்ணில்தான் ஊற்ற வேண்டும், பைப்பில் ஊற்றினால் ஐந்தாம் வாளி கதைதான். இப்போது எங்கள் மாடியில் இப்படி எட்டு வாளி இருக்கிறது. போர் தண்ணீரையும் அவ்வளவாகக் கோபித்துக்கொள்வதில்லை. கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றுகிறேன்.

பத்திரம் தங்கை வீட்டு பீரோவிலேயே இருக்கிறது. மாப்பிள்ளை 50 சென்ட்டில் சொட்டுநீரும் மூடாக்கும் போட்டுக் கீரை விதைத்திருக்கிறான், கையில் இருந்த காசில். ஹைட்ரோபோனிக்ஸை முழுசாகக் கைவிடவில்லை. பம்ப் இல்லாத இரண்டு வாளியை மட்டும் எடுத்துப்போய் அவன் வீட்டுத் திண்ணையில் வைத்து புதினா வளர்க்கிறான். நாளைக்கு மறுபடி ஷெட் போடலாமா என்று கேட்டால் மறுபடி நோட்டை எடுப்பேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஒரு திட்டத்தோடு வந்தால் திட்டாதீர்கள். ஆறு வாளி வாங்கிக் கொடுங்கள். அதில் ஒரு வாளியில் மண் இருக்கட்டும்.